வாத்துக்கு உண்டு, மீனாக்ஷிக்கு இல்லையா?

மதிப்பிற்குரிய சம்பந்தி பசுபதி அவர்களுக்கு, டெக்ஸாஸிலிருந்து சிவராமகிருஷ்ணன் பணிவோடு எழுதிக்கொண்டது. இங்கே நானும் மீனாக்ஷியும், உங்கள் மகனும் என் மகளும், பேத்தி வெண்பாவும் எங்கும் ஓட்டை விழாமல் முழு உடம்போடு இருக்கிறோம். அங்கே கோயம்புத்தூரில் தாங்களும் சம்பந்தியம்மாவும் இரத்த அழுத்தம் இறங்கி நிம்மதியாக இருக்க வேண்டுகிறேன்.

இரத்த அழுத்தத்தைக் குறிப்பிடக் காரணம், குடும்ப வாட்ஸ்அப் குழுவில் உங்கள் மகன் போட்ட புகைப்படம். அதில் ஆரஞ்சு நிற மேல்சட்டையும் காதில் கவசமும் கையில் துப்பாக்கியுமாக நிற்பது சாட்சாத் நான்தான். மறுக்கவில்லை. போனில் விளக்கத்தான் பார்த்தேன். ஆனால் நான் "அது வந்து" என்று ஆரம்பிக்கும்போதெல்லாம் தாங்கள் "இந்த வயசுல உங்களுக்கு இது தேவைங்களா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தீர்கள். பின்னாலிருந்து சம்பந்தியம்மா "நம்ம பையனையும் கெடுத்துருவாரு" என்றது ஸ்பீக்கரில் தெளிவாகக் கேட்டது. ஆகவே கடிதம் எழுதுவது என்று முடிவு செய்தேன். கடிதத்தில் யாரும் குறுக்கே பேச முடியாது. முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு நிதானமாகப் படியுங்கள்: நான் ஜெயித்துவிட்டேன்.

எல்லாம் பன்றிகளால் வந்தது. மாப்பிள்ளை கவின் எடிசன் நகரத்து அபார்ட்மெண்டில் இருந்தவரை பால்கனியில் ஒரு கறிவேப்பிலைத் தொட்டியோடு அடங்கி இருந்தவர்தான். இங்கே ஹூஸ்டனுக்கு மேற்கே பத்து ஏக்கர் நிலத்தோடு வீடு வாங்கியதும் அவருக்குள்ளே தூங்கிக்கொண்டிருந்த கோயம்புத்தூர் விழித்துக்கொண்டது. காலையில் கம்ப்யூட்டரில் மீட்டிங், மத்தியானம் மண்வெட்டி. சர்க்கரைவள்ளி, நிலக்கடலை, முருங்கை என்று மனுஷன் கொத்திக் கொத்திப் போட்டார். கிழங்கு பிடிக்கிற நேரம் பார்த்து ஓடைப் பக்கத்திலிருந்து காட்டுப்பன்றிகள் வந்தன. நம் ஊர்ப் பன்றி என்று நினைத்துவிடாதீர்கள். ஒவ்வொன்றும் ஒரு மொபெட் அளவு இருக்கிறது, வருவதும் கல்யாணக் கோஷ்டி மாதிரி குடும்பம் குடும்பமாக வருகிறது. ஒரே ராத்திரியில் தோட்டத்தை உழுது போட்டுவிட்டுப் போய்விட்டன. காலையில் மாப்பிள்ளை வரப்பில் நின்று, "மாமா, ஒரு கெழங்கு விட்டு வைக்கலீங்க" என்றார். எறும்பைக்கூடக் காகிதத்தில் ஏந்திக்கொண்டு போய் வெளியே விடுகிற உங்கள் மகன், அன்று சாயங்காலமே கம்ப்யூட்டரில் துப்பாக்கிப் படங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். என் மகள் மானஸா பின்னால் நின்று பார்த்துவிட்டாள். "கவின், அது வீட்டுக்குள்ள வந்துச்சுன்னா நான் வெளிய போயிடுவேன். Decide பண்ணிக்கோ," என்றாள். அதோடு அந்தப் பேச்சு அடங்கியது. ஆக, உங்கள் மகனை நான் கெடுக்கவில்லை என்பதைச் சம்பந்தியம்மாவிடம் தெரிவிக்கவும்.

ஆனால் வெளியே பேச்சு அடங்கவில்லை. எங்கள் வீடுகளுக்கு நடுவே ஓடும் ஓடையும் அதன் கரையும் எல்லாருக்கும் பொது. அங்கே பன்றி சுடலாம் என்று நிலச் சொந்தக்காரர்கள் சங்கத்தில் விதி இருக்கிறது. எந்தத் துப்பாக்கியால் சுடுவது என்பதில்தான் ஊர் இரண்டாகப் பிளந்து கிடந்தது. ஒரு பக்கத்துக்குத் தலைவர் வெண்டல். பள்ளிக்கூட பஸ் ஓட்டி ஓய்வு பெற்ற பெரியவர், எங்கள் வலது பக்கத்து வீடு. அவருடைய துப்பாக்கியில் ஒரு முறை சுட்டால், அடுத்த குண்டுக்குக் கையால் தாழ்ப்பாள் மாதிரி ஒன்றை இழுத்துத் தள்ள வேண்டும். இன்னொரு பக்கத்துக்குத் தலைவர் பிராடி. வைக்கோல் விவசாயம் செய்கிறவர், முப்பத்தைந்து வயதிருக்கும், இடது பக்கத்து வீடு. அவருடையது செமி ஆட்டோமேட்டிக். விசையை ஒரு தரம் அழுத்தினால் ஒரு குண்டுதான் போகும், ஆனால் அடுத்த குண்டு தானாகவே வந்து உட்கார்ந்துகொள்ளும். அழுத்த அழுத்தப் போய்க்கொண்டே இருக்கலாம். "அதைக் கொண்டு வேட்டையாடுறது வேட்டையே இல்லை" என்று வெண்டலும், "ஒண்ணொண்ணா சுட்டா பன்னி தீராது, என் வயல்தான் தீரும்" என்று பிராடியும் மூன்று மாதமாக ஒருவரோடு ஒருவர் பேசுவதில்லை. நடுவில் இருப்பது நாங்கள்.

இந்தச் சமயத்தில்தான் அந்தச் சனிக்கிழமை வந்தது. மீனாக்ஷி கொல்லையில் முருங்கைக்கீரை பறித்துக்கொண்டிருந்தாள். ஓடைப் பக்கம் முதலில் 'டப்' என்று ஒன்று. அப்புறம் 'டப்டப்டப்' என்று வரிசையாக. இந்த ஊரில் இது பழகிய சத்தம், நான் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் மீனாக்ஷி கூப்பிட்டாள். "என்னங்க, மழைத்தண்ணி பீப்பா ஒழுகுது. ஒரு துணி கொண்டாங்க." போய்ப் பார்த்தால் நீல நிறப் பீப்பாயில் ஒரு ஓட்டை, அதில் அவள் விரலை வைத்து அடைத்துக்கொண்டு நிற்கிறாள். பீப்பாய் வெயிலில் விரிந்துவிட்டது என்று நினைத்திருக்கிறாள். ஓட்டையின் வட்டத்தைப் பார்த்ததும் எனக்குப் புரிந்துவிட்டது. நான் வாயைத் திறப்பதற்குள் என் முகத்தைப் பார்த்து அவளுக்கும் புரிந்துவிட்டது. விரலை எடுத்தாள். தண்ணீர் பீய்ச்சி அடித்தது. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள் சம்பந்தி. என்னைக் கல்யாணம் செய்துகொண்ட நாளிலிருந்து பேச்சை நிறுத்தாத மனுஷி, அன்று மத்தியானம் வரை ஒரு வார்த்தை பேசவில்லை. கீரை பறிக்க அவள் நின்ற இடத்துக்கும் பீப்பாய்க்கும் நடுவே ஒரு ஆள் கூட நிற்க முடியாது.

போலீஸ்காரர் வந்து பார்த்தார். குண்டு தண்ணீருக்குள் துண்டு துண்டாகச் சிதறிப் போயிருந்தது. எந்தத் துப்பாக்கி என்று சொல்ல முடியாது என்று கைவிரித்துவிட்டார். அன்று ஓடைப் பக்கம் இரண்டு கட்சிக்காரர்களுமே இருந்திருக்கிறார்கள். பிராடி கட்சி கண்மண் தெரியாமல் சுட்டதில் ஒன்று வந்துவிட்டது என்றார் வெண்டல். வெண்டலுக்கு இப்போதெல்லாம் பன்றிக்கும் பீப்பாய்க்கும் வித்தியாசம் தெரிவதில்லை என்றார் பிராடி. இரண்டு பேருமே மீனாக்ஷியிடம் வந்து உண்மையான வருத்தத்தோடு மன்னிப்புக் கேட்டார்கள், கேட்டுவிட்டு, அடுத்தவர் செய்த தப்புக்காகத்தான் மன்னிப்புக் கேட்பதாகவும் சொன்னார்கள்.

ஓடைக்கரையில் எந்தத் துப்பாக்கிக்கு அனுமதி என்று சங்கத்தில் ஓட்டெடுப்புக்குத் தேதி குறித்ததும் எங்கள் வீட்டுக்கு மவுசு வந்துவிட்டது. குண்டு வாங்கிய குடும்பம் எந்தப் பக்கமோ அந்தப் பக்கம்தான் ஜெயிக்கும் என்று ஊரில் பேச்சு. வெண்டல் ஒரு பாட்டில் அத்திப்பழ ஜாமோடு வந்தார். வராந்தாவில் உட்கார்ந்து, வேட்டை என்றால் பொறுமை, ஒரே குண்டுதான் என்று தெரிந்தால்தான் மனுஷன் நின்று யோசிப்பான் என்று விளக்கினார். நான் மரியாதைக்குத் தலையை ஆட்டிக்கொண்டே கேட்டேன். மறுநாள் பிராடி தோட்டத்துக்கு மூடாக்குப் போட வைக்கோல் கட்டுகளோடு வந்தார். ஒரு குண்டு பட்டு ஓடுகிற பன்றி புதரில் கிடந்து சித்திரவதைப்பட்டுச் சாகிறது, உடனே இரண்டாவது குண்டு போட்டால் அதற்கும் நிம்மதி என்றார். அதிலும் நியாயம் இருந்தது. அதற்கும் தலையை ஆட்டினேன். நம் ஊர்த் தலையாட்டலை நீங்கள் அறிவீர்கள். 'காது கேட்கிறது, மேலே சொல்லுங்கள்' என்பதற்கு மேல் அதற்கு ஒரு பொருளும் கிடையாது. ஆனால் மறுநாள் விடிந்து பார்த்தால் எங்கள் வீட்டு முன் புல்வெளியில் இரண்டு கட்சிகளின் விளம்பரப் பலகையும் பக்கத்தில் பக்கத்தில் நட்டிருக்கிறது.

"மாமா, ரெண்டு பேருக்கும் ஓகே சொல்லீட்டீங்களா?" என்றார் மாப்பிள்ளை.

"நான் எங்கப்பா சொன்னேன்? கேட்டுக்கிட்டேன், அவ்வளவுதான்."

"தாத்தா, you basically endorsed everybody," என்றாள் வெண்பா.

எனக்கு அவமானமாகப் போய்விட்டது. சட்டமன்றப் பேரவைச் செயலகத்தில் சார்புச் செயலாளராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். ஆளுங்கட்சி, எதிர்க்கட்சி இரண்டுக்கும் பிடி கொடுக்காமல் காலம் தள்ளியவன், ஒரு ஜாம் பாட்டிலுக்கும் வைக்கோல் கட்டுக்கும் இரண்டு பக்கமும் விலைபோனதாக ஊர் பேசுவதா? இரண்டு பேரையும் கூப்பிட்டேன். "எனக்குத் துப்பாக்கி பற்றி ஒன்றும் தெரியாது. காட்டுங்கள், பிறகு முடிவு சொல்கிறேன்," என்றேன். இப்படித்தான், சம்பந்தி, துப்பாக்கி சுடும் பயிற்சித் திடலுக்கு நான் போனது. கூட மாப்பிள்ளையும் வந்தார், கேமராவோடு.

முதலில் வெண்டலின் துப்பாக்கி. தோளில் வைத்து, எப்படிப் பிடிப்பது, எப்படி மூச்சை அடக்குவது என்று பெரியவர் பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தார். அழுத்தினேன். தோளில் யாரோ உலக்கையால் இடித்தது போல இருந்தது, கண்ணாடி மூக்கிலிருந்து வாய்க்கு வந்துவிட்டது. குண்டு பலகையில் எங்கேயோ பட்டது. அடுத்த குண்டுக்குத் தாழ்ப்பாளை இழுக்க வேண்டும். இழுப்பதற்குள், நாம் ஏன் இங்கே வந்தோம், இது எனக்குத் தேவையா என்று தாங்கள் கேட்ட அதே கேள்விகள் எல்லாம் என் மனதில் வந்துவிட்டன. துப்பாக்கியைக் கீழே வைத்துவிட்டேன். அடுத்தது பிராடியுடையது. அது இலேசாக இருந்தது, அடியும் குறைவு. அழுத்தினேன். சத்தத்தில் பயந்து விரல் இறுகிவிட்டது. விரல் இறுகியதும் இன்னொன்று போய்விட்டது. அந்தப் பயத்தில் இன்னொன்று. மூன்றாவது குண்டு பலகைக்கு மேலே மண்மேட்டின் உச்சியைக் கிளப்பிவிட்டுப் போனது. பிராடி பின்னாலிருந்து என் மணிக்கட்டைப் பிடித்து, "சார், சார், போதும்" என்றார். அவர் முகம் வெளுத்துவிட்டது. புகைப்படம் இதற்கு முன்னால் எடுத்தது. இதற்குப் பின்னால் எடுத்திருந்தால் என் முகத்தைப் பார்த்தே தாங்கள் நிம்மதி அடைந்திருப்பீர்கள்.

கூட்டம் தீயணைப்பு நிலையத்தின் கூடத்தில் நடந்தது. வாசலில் மீனாக்ஷி ஒரு பெரிய பாத்திரம் சுண்டலோடு நின்று, இரண்டு கட்சிக்கும் பாரபட்சமில்லாமல் கொடுத்துக்கொண்டிருந்தாள். உள்ளே இடது பக்கம் பிராடி ஆட்கள், வலது பக்கம் வெண்டல் ஆட்கள், நம் பேரவையைப் போலவே. தலைவர் டார்லீன் என்ற அம்மையார். மாதா கோயிலில் பியானோ வாசிக்கிறவர், மேசையைத் தட்டுவதும் தாளத்தோடுதான் இருக்கும். இரண்டு தரப்பும் பேசின. முதலில் நியாயம் பேசினார்கள், பிறகு வெண்டலின் கண்ணாடியைப் பற்றிப் பேசினார்கள், பிறகு பிராடியின் அப்பாவைப் பற்றிப் பேசினார்கள். யாரோ நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். டார்லீன் தட்டிய தட்டு யார் காதிலும் விழவில்லை.

மாப்பிள்ளை எழுந்து, தனக்குரிய நேரத்தை மாமனாருக்குக் கொடுப்பதாகச் சொன்னார். சொல்லிவிட்டு என் காதில், "மாமா, பயப்படாதீங்க. நம்ம அத்தைக்காகப் பேசுங்க," என்றார். இப்படி ஒரு பிள்ளையை வளர்த்ததற்காகத் தங்களுக்கு நன்றி சொல்ல இதுவே நல்ல இடம்.

நான் எழுந்து, "மாண்புமிகு பேரவைத் தலைவர் அவர்களே" என்று ஆங்கிலத்தில் ஆரம்பித்தேன். கூடம் அமைதியாகிவிட்டது. டார்லீனை இதுவரை யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை போலிருக்கிறது, அம்மையார் நிமிர்ந்து உட்கார்ந்தார். பேசியதைத் தமிழில் தருகிறேன்.

"இங்கே எல்லாரும் துப்பாக்கியைப் பற்றிப் பேசுகிறீர்கள். குண்டு எங்கே போகிறது என்று ஒருவரும் பேசவில்லை. ஒன்று என் வீட்டுக் கொல்லைக்கு வந்தது. போன வாரம் நானே இரண்டு துப்பாக்கியையும் சுட்டுப் பார்த்தேன். திரு. பிராடியின் துப்பாக்கியில் முதல் குண்டு நான் சுட்டது. இரண்டாவது குண்டு என் பயம் சுட்டது. மூன்றாவது குண்டை யார் சுட்டார்கள் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. திரு. பிராடி பயப்படாதவர், அவர் கையில் அது வேறு மாதிரி இருக்கலாம். ஆனால் ஓடைக்கரையில் வேட்டைக்கு வருகிற எல்லாரும் திரு. பிராடி இல்லை. திரு. வெண்டலின் துப்பாக்கி என்னை யோசிக்க வைத்தது. ஆனால் யோசித்துச் சுட்டாலும் குண்டு என் வீட்டைப் பார்த்து வந்தால் அதுவும் குண்டுதான்."

வலது பக்கம் கை தட்டப் போனவர்கள் நிறுத்திக்கொண்டார்கள். நான் மேலே போனேன்.

"இந்த நாட்டில் வாத்து வேட்டைக்கு ஒரு சட்டம் உண்டு என்று என் மருமகன் படித்துச் சொன்னார். துப்பாக்கியில் மூன்று குண்டுக்கு மேல் கொள்ளாதபடி அடைப்பு வைக்க வேண்டுமாம். வாத்து தப்பிக்க ஒரு வாய்ப்புக் கொடுக்க வேண்டும் அல்லவா? நல்ல சட்டம். நான் பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. ஒரு வாத்துக்கு நீங்கள் கொடுக்கிற வாய்ப்பை, அதோ கதவருகே நின்று உங்களுக்கெல்லாம் சுண்டல் கொடுத்தாளே, அந்த என் மனைவிக்கும் கொடுங்கள். எந்தத் துப்பாக்கியாக இருந்தாலும் மூன்று குண்டு. உயரமான மேடையிலிருந்து, மண்ணைப் பார்த்து, வீடுகளுக்கு முதுகைக் காட்டி. இதுதான் என் தீர்மானம்."

பிறகு யாரோ ஒரு அம்மாள் பின்னாலிருந்து "ஆமென்" என்றாள். அவ்வளவுதான், கூடமே சிரித்துக் கை தட்டியது. இடதும் தட்டியது, வலதும் தட்டியது. எல்லாரும் திரும்பி மீனாக்ஷியைப் பார்த்தார்கள். அவள் கரண்டியும் கையுமாக, வெட்கத்தோடு, சட்டசபைக்கு முதன்முதலாக வந்த உறுப்பினர் மாதிரி எல்லாப் பக்கமும் கும்பிட்டாள்.

அடுத்து நடந்ததுதான் முக்கியம். வெண்டல் மெல்ல எழுந்து, என்னைப் பார்த்துத் தொப்பியைத் தொட்டுவிட்டு, "ஐ மூவ் வீ டேபிள் இட்" என்றார். டேபிள்! தாங்கள் வங்கியில் இருந்தவர், இந்தச் சொல்லின் மகிமை தங்களுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. நம் பேரவையில் ஒரு மசோதா மேசைமேல் வைக்கப்படுகிறது என்றால் அது அவையின் சொத்தாகிவிட்டது என்று அர்த்தம். அதற்காக நான் எத்தனை தாள்களைத் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறேன்! நான் எழுதிய தாளில் வேறு யாராவதுதான் கையெழுத்துப் போடுவார்கள், வேறு யாராவதுதான் படிப்பார்கள். என் சொந்தத் தீர்மானம் ஒன்று, அதுவும் கடல் கடந்து, அவை மேசைக்குப் போகிறது. வெண்டல் முன்மொழிந்த அடுத்த நொடி, "செகண்ட்!" என்று வழிமொழிந்தது ஒரு குரல். யார் என்று நினைக்கிறீர்கள்? பிராடி! மூன்று மாதமாக முகம் பார்க்காதவர். டார்லீன் "ஆதரிப்பவர்கள்?" என்றார். கூடம் முழுக்கக் கை. எதிர்ப்பு ஒன்றுகூட இல்லை. அம்மையார் மேசையைத் தட்டினார். ஒருமனதாக!

வெளியே வந்ததும் ஆளுக்கு ஆள் என் கையைக் குலுக்கினார்கள். ஒருவர் "வாத்து மனிதர்" என்று என்னைத் தன் மனைவிக்கு அறிமுகப்படுத்தினார். வெண்டலும் பிராடியும் ஒரே பாத்திரத்திலிருந்து கடைசிச் சுண்டலைப் பங்கு போட்டுக்கொண்டு நின்றதை நானே பார்த்தேன். மீனாக்ஷி காரில் ஏறியதும், "பரவாயில்லை, இந்த ஒரு தடவை உங்க நீளமான பேச்சுக்கு உபயோகம் வந்தது," என்றாள். இதைவிடப் பெரிய பாராட்டு அவளிடமிருந்து எனக்கு வந்ததில்லை. மாப்பிள்ளை மட்டும் வழியெல்லாம் ஏதோ சொல்ல வாயெடுத்து நிறுத்திக்கொண்டார். பெருமிதத்தில் பேச்சு வரவில்லை என்று நினைக்கிறேன்.

ஆகவே சம்பந்தி, அந்தப் புகைப்படத்தைத் தாங்கள் அழித்துவிட வேண்டாம். பிரிண்ட் போட்டு, அமெரிக்காவில் ஒரு சட்டம் பிறந்த கதை என்று கேட்பவர்களுக்குச் சொல்லுங்கள். சம்பந்தியம்மாவுக்கு என் வணக்கத்தையும், மீனாக்ஷியின் அன்பையும், வெண்பாவின் முத்தத்தையும் சேர்க்கவும். தங்கள் வீட்டில் எல்லாம் நினைத்தபடி நடக்கவும், இரத்த அழுத்தம் நல்ல எண்ணிலேயே நிற்கவும் கடவுளை வேண்டும்,

தங்கள் அன்புள்ள,
சிவராமகிருஷ்ணன்

பி.கு.: கடிதத்தை ஒட்டுவதற்கு முன் மானஸா வாங்கிப் படித்தாள். படித்துவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "அப்பா, இந்த ஊர்ல table பண்றாங்கன்னா எடுத்துக்கிட்டாங்கன்னு அர்த்தம் இல்லப்பா. இப்போதைக்கு வேணாம், ஓரமா வெச்சுடலாம்னு அர்த்தம்," என்றாள். அதாவது, கிடப்பில் போடுவது. ஒருமனதாகக் கிடப்பில் போட்டிருக்கிறார்கள். மாப்பிள்ளையைக் கூப்பிட்டுக் கேட்டேன். "எனக்கு அப்பவே தெரியுமுங்க மாமா. நீங்க அவ்வளவு சந்தோசமா இருந்தீங்க, எப்படிங்க சொல்றது?" என்றார். எனவே மேலே 'ஜெயித்துவிட்டேன்', 'சட்டம்', 'ஒருமனதாக' என்று வரும் இடங்களையெல்லாம் தாங்கள் தக்கபடி திருத்திப் படித்துக்கொள்ளவும்.

இதை எழுதும்போதே ஓடைப் பக்கம் ஒரே சத்தம். பயந்துகொண்டு போய்ப் பார்த்தேன். வெண்டலும் பிராடியும் ஒரு டிராக்டரில் கயிறு கட்டி, கரையில் பரண் மாதிரி நிற்கும் வேட்டை மேடையை எங்கள் வீட்டுக்கு முதுகு காட்டும்படி திருப்பி நிறுத்திக்கொண்டிருக்கிறார்கள். எந்தத் தீர்மானமும் நிறைவேறாமலே. பிராடி என்னைப் பார்த்து மூன்று விரலை உயர்த்திக் காட்டினார். வெண்டல் தலையை ஆட்டினார், நம் ஊர் மாதிரியே. மீனாக்ஷி அவர்களுக்குக் காபி கொண்டு போயிருக்கிறாள்.

மேற்கண்ட திருத்தம் ரத்து.